குலுக்கலில் வராத பெயர்கள்

நியூயார்க் நகரின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் 1995இல் டேவிட் லெவின் என்ற இளம் ஆசிரியர் ஓர் ஐந்தாம் வகுப்பைத் தொடங்கினார். தனிக் கட்டடம் கிடையாது. அரசுப் பள்ளி ஒன்றுக்குள்ளேயே இடம் வாங்கி நடந்த வகுப்பு அது. முந்தைய ஆண்டு ஹூஸ்டன் நகரில் நண்பர் மைக் ஃபைன்பெர்க்குடன் சேர்ந்து, ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகளை வைத்து இதே முறையை அவர் நடத்திப் பார்த்திருந்தார். ‘அறிவே ஆற்றல்’ என்ற பொருளில் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘கிப்’ என்று நின்றுவிட்டது.

காலை ஏழரைக்குப் பிள்ளைகள் வந்துவிட வேண்டும். வீடு திரும்ப மாலை ஐந்தாகும். சனிக்கிழமையும் வகுப்பு உண்டு, கோடை விடுமுறையிலும் சில வாரங்கள் உண்டு. இரவில் வீட்டுக் கணக்கில் சந்தேகம் வந்தால் ஆசிரியருக்கே போன் போட்டுக் கேட்கலாம். வாய்ப்பாட்டை உருப்போடுவதில்லை, கைதட்டி, காலால் தாளம் போட்டு, வகுப்பே சேர்ந்து பாடும். ஹூஸ்டனில் லெவின் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹாரியட் பால் என்ற ஆசிரியையிடம் கற்றுக்கொண்ட வித்தை அது. நிமிர்ந்து உட்கார், கவனித்துக் கேள், கேள்வி எழுப்பு, புரிந்தால் தலையசை, பேசுகிறவர் மேல் கண்ணை வை என்று ஐந்து கட்டளைகள். ஆசிரியர் இடமிருந்து வலம் நடந்தால் வகுப்பின் கண்கள் எல்லாம் கூடவே நகரும்.

அந்த முதல் செட் 1999இல் எட்டாம் வகுப்பை முடித்தது. தேர்வு மதிப்பெண்ணில் அவர்கள் பிராங்க்ஸ் பகுதிக்கே முதலிடம், நியூயார்க் நகரம் முழுவதிலும் ஐந்தாமிடம். நாட்டின் மிக ஏழ்மையான வட்டாரங்களில் ஒன்றிலிருந்து வந்த பிள்ளைகள். அதே ஆண்டு ஒரு பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தப் பள்ளியைப் படம்பிடித்துக் காட்டியது. மறு ஆண்டு, ‘கேப்’ துணிக்கடை நிறுவனத்தைத் தொடங்கிய டோரிஸ், டொனால்ட் ஃபிஷர் தம்பதி இதேபோல் நாடெங்கும் பள்ளிகள் தொடங்க 1.5 கோடி டாலர் கொடுத்தார்கள். இன்று கிப் பள்ளிகள் 270க்கும் மேல். படிப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இந்த வளர்ச்சிக்கு வழிவிட்டது சார்ட்டர் சட்டம். அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் வாங்காத, ஆனால் மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் அன்றாடப் பிடிக்குள் வராத பள்ளிக்குத்தான் சார்ட்டர் பள்ளி என்று பெயர். இத்தனை ஆண்டுக்குள் இன்னது செய்து காட்டுகிறோம் என்று ஒப்பந்தம் எழுதித்தர வேண்டும். செய்யாவிட்டால் உரிமம் போய்விடும். மின்னசோட்டா மாநிலம் 1991இல் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது, நியூயார்க் 1998இல். பிராங்க்ஸ் வகுப்பும் 2000இல் சார்ட்டர் பள்ளியாக மாறியது. சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. இருக்கும் இடங்களைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால், பெயர்களைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு விஞ்ஞானக் கருவியாகும் என்று நினைத்து அந்த விதியை யாரும் எழுதவில்லை. யாருக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்பதுதான் நோக்கம்.

குலுக்கல் எப்படிக் கருவியானது என்பதற்குள் போகுமுன் பிராங்க்ஸ் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பார்த்துவிடலாம். நியூயார்க்கில் கிப் நடத்தியது எட்டாம் வகுப்பு வரைதான். அங்கே அவர்களுடைய சொந்த உயர்நிலைப் பள்ளி 2009இல்தான் வந்தது. அதுவரை ஒவ்வோர் ஆண்டும் எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பை வெளியில் தேட வேண்டியிருந்தது: தனியார் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி, ஊரை விட்டுப் போகத் துணிந்தவர்களுக்கு விடுதிப் பள்ளி. முதல் செட்டில் பலருக்கு முழு உதவித்தொகையே கிடைத்தது.

விடுதிப் பள்ளியில் இடம் பிடிப்பது ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஓராண்டு வேலை. தனி நுழைவுத் தேர்வு, பிள்ளை எழுதும் கட்டுரை, பெற்றோர் எழுதித் தரும் கடிதம், ஆசிரியர்களின் பரிந்துரை, நேர்காணல். பெரும்பாலான பள்ளிகள் மார்ச் 10ஆம் தேதி முடிவைச் சொல்லும். ஏழைப் பிள்ளைகளை இந்தப் பள்ளிகளுக்கு அனுப்பும் முயற்சி கிப் கண்டுபிடித்தது அல்ல. ‘எ பெட்டர் சான்ஸ்’ என்ற அமைப்பு 1963 முதல் அதைச் செய்துவருகிறது. சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்து, பின்னாளில் மாசசூசெட்ஸ் ஆளுநரான டெவல் பேட்ரிக் அந்த வழியாகத்தான் மில்டன் அகாடமியில் சேர்ந்தார்.

போய்ச் சேரும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள, 1781இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய பிலிப்ஸ் எக்சிட்டர் பள்ளியைப் பார்க்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 75,000 டாலருக்குள் இருந்தால் படிப்பு இலவசம் என்று 2007இல் அறிவித்த பள்ளி அது. பணத்தடை அத்தோடு தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறைக்குள் நுழைந்தால் கரும்பலகையைப் பார்த்த பெஞ்சு வரிசை இருக்காது. நடுவில் ஒரு நீள்வட்ட மேசை. அதைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவர்கள், அவர்களோடு ஒருவராக ஆசிரியர். எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் 1930இல் கொடுத்த நன்கொடையில் வந்த முறை இது. ஆசிரியர் பாடம் நடத்த மாட்டார். முந்தைய இரவு படித்துவந்ததை வைத்து மாணவர்களே பேச வேண்டும், மறுக்க வேண்டும், அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆசிரியர் ஒரு மணி நேரமும் ஏறக்குறைய சும்மா இருக்கலாம்.

பேசுகிறவர் மேல் கண்ணை வை என்று பழகி வந்த பிள்ளை இங்கே யார் மேல் கண் வைப்பது? நான்கு ஆண்டுகளில் ரத்தத்தில் ஊறிய ஒழுங்குதான் அந்தப் பிள்ளையை இந்த மேசை வரை கொண்டுவந்தது. மேசை கேட்பதோ வேறு: கை தூக்காமல் குறுக்கே பேசும் துணிவு, அரைகுறையாக யோசித்ததையும் வெளியே சொல்லும் சுதந்திரம், தப்பாகப் போனால் சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும் லகு. வசதியான வீடுகளில் சாப்பாட்டு மேசையிலேயே பிள்ளைகள் இதைப் பழகிவிடுகிறார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இது கிடையாது.

முதல் செட்டின் கதை அதற்குப் பிறகு சற்றுக் கலங்க வைக்கிறது. அவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஏறக்குறைய எல்லோரும் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கல்லூரியிலும் சேர்ந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது நான்காண்டுப் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் எட்டே பேர்.

லெவின் இதை மூடி மறைக்கவில்லை என்பதை மதிக்கிறேன். பட்டம் முடித்தவர்கள் எல்லாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் அல்ல என்பதை அவர் கவனித்தார். விடாப்பிடியும் நம்பிக்கையும் உள்ளவர்களே தாக்குப்பிடித்ததாக அவருக்குத் தோன்றியது. உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மன், ஏஞ்சலா டக்வொர்த் ஆகியோருடன் பேசி, மதிப்பெண் அட்டையோடு குணத்துக்கும் ஒரு அட்டை கொண்டுவந்தார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கையில் காசில்லாமலும் வழி சொல்ல ஆளில்லாமலும் படிப்பை நிறுத்துகிற பிள்ளையின் குணத்தில் குறை தேடுவது எளிது, அநியாயமும்கூட. பின்னாளில் கிப்பே தன் போக்கைச் சற்று மாற்றிக்கொண்டது. ‘கடுமையாக உழை, நல்லவனாக இரு’ என்று பல்லாண்டு சுவரில் எழுதிவைத்திருந்த முழக்கத்தை 2020இல் கைவிட்டது.

சரி, எட்டுப் பேர் என்பது தோல்வியா, வெற்றியா? கிப் தன் ஆரம்ப காலப் பள்ளிகளையெல்லாம் சேர்த்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எட்டாம் வகுப்பு முடித்துப் பத்தாண்டுக்கு மேல் ஆனவர்களில் 33 சதவீதம் பேர் பட்டம் பெற்றிருந்தார்கள். அமெரிக்க இளைஞர் அனைவரையும் எடுத்துக்கொண்டால் 31 சதவீதம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் என்றால் 8. அந்த 8 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பிரமாதம். ஆனால் அந்த எட்டு யாருடைய எட்டு? நீண்ட பள்ளி நாள், சனிக்கிழமை வகுப்பு, கண்டிப்பு எல்லாவற்றுக்கும் சம்மதித்து, விண்ணப்பம் வாங்கி நிரப்பிக் கொடுத்த தாயின் பிள்ளையும், அப்படி ஒரு பள்ளி இருப்பதே தெரியாத வீட்டுப் பிள்ளையும் ஒன்றா? பள்ளி ஒன்றுமே செய்யாவிட்டாலும் அந்தத் தாயின் பிள்ளை கொஞ்சம் முன்னேறியிருக்கும். தேர்வு முடிவு வந்த மறுநாள் செய்தித்தாளில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வரும் விளம்பரம் எதிலும் இந்தக் கேள்விக்கு விடை இருக்காது. நமக்கு வேண்டியது, இதே பிள்ளைகள் இந்தப் பள்ளிக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்பது. நடக்காத ஒன்றை அளப்பது எப்படி?

இங்கேதான் குலுக்கல் கைகொடுக்கிறது. நூறு இடத்துக்கு இருநூறு பெயர் வந்தால், இருநூறு பேரும் விண்ணப்பம் போட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். அக்கறையுள்ள தாயும் சோம்பல் பிள்ளையும் கெட்டிக்காரனும் இரு பக்கமும் ஒரே அளவில் விழுவார்கள். பெயர் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நடுவே அதிர்ஷ்டம் ஒன்றைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. பெயர் வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பிடித்துவிட்டால், நடக்காத அந்த இன்னொரு வாழ்க்கை கண்முன் வந்து நிற்கும்.

பாஸ்டனுக்கு வடக்கே, ஒருகாலத்தில் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன லின் நகரில் 2004இல் ஒரு கிப் பள்ளி திறந்தது. அதன் குலுக்கல் பட்டியலைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் பொருளியலாளர் ஜோஷுவா ஆங்ரிஸ்ட். அவர் செய்த கணக்கு எளியது. ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பெயர் வந்தவர்கள் எல்லோரும் பள்ளியில் சேர்வதில்லை. சிலர் வீடு மாறுவார்கள், சிலர் மனம் மாறுவார்கள். பெயர் வராத சிலர் பிறகு எப்படியோ இடம் பிடித்துவிடுவார்கள். சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் நேரடியாக ஒப்பிட்டால், குலுக்கல் கொடுத்த நியாயம் அங்கேயே கெட்டுப்போகும்.

ஆகவே பெயர் வந்த அனைவரையும் ஒரு பக்கம், வராத அனைவரையும் மறு பக்கம் அப்படியே வைத்தார்கள். பின்னால் யார் எங்கே படித்தார்கள் என்பதைப் பொருட்படுத்தவில்லை. கணக்குத் தேர்வில் இரு பக்கத்துக்கும் இருந்த இடைவெளி 0.355 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை அளக்கும் அலகு அது). பெயர் வந்தவர்களில் கிப்பில் படித்தவர்கள் நூற்றுக்கு 79 பேர். வராதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர். வித்தியாசம் 74. ஆக, குலுக்கல் நூற்றுக்கு 74 பேரின் பள்ளியைத்தான் மாற்றியிருக்கிறது. அந்த 0.355 முழுவதும் இந்த 74 பேரால் வந்தது. 0.355ஐ 0.74ஆல் வகுத்தால் 0.48. அதுதான் பள்ளி செய்த வேலை. நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் ஐம்பதாவது பிள்ளை, அறுபத்தெட்டுப் பேரைத் தாண்டி நிற்கும் அளவு உயர்வு. பின்தங்கிய பிள்ளைகளைப் பாதியில் கழற்றிவிட்டு மதிப்பெண் காட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் இந்தக் கணக்கு பதில் சொல்கிறது. பாதியில் போனவரும் பெயர் வந்தவர் பக்கத்திலேயே எண்ணப்படுகிறார். அதிகப் பலன் கிடைத்ததோ ஆங்கிலம் சரியாக வராத பிள்ளைகளுக்கும், சேரும்போது மிகக் குறைந்த மதிப்பெண்ணில் இருந்தவர்களுக்கும்.

இரு பக்கமும் சமமாக இருக்கையில் ஒரு வகுத்தல் கணக்கு இவ்வளவு சொல்லிவிடுகிறது என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்புதான். இந்த வகைக் கணக்குக்குத் தர்க்க அடித்தளம் போட்டதற்காகத்தான் ஆங்ரிஸ்டும் கீடோ இம்பென்ஸும் 2021ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசில் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் ஊரிலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான் நடக்கிறது. பெயர் வராமல் திரும்பிப் போகும் பிள்ளைகளின் பட்டியலும் ஒரு பொக்கிஷம். அதைப் பத்திரப்படுத்தி, பத்தாண்டு கழித்துத் தேடிப் பார்க்க யாராவது முன்வர வேண்டும்.

விடுதிப் பள்ளியையும் இதே கருவியால் அளந்திருக்கிறார்கள். வாஷிங்டனில் எரிக் ஆட்லர், ராஜீவ் வின்னகோட்டா இருவரும் 1998இல் ‘சீட்’ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். சார்ட்டர் பள்ளியே விடுதிப் பள்ளியாகவும் இருக்கும். அப்போது ஆறாம் வகுப்பில் சேர்ந்து, வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்கி, வார இறுதியில் வீட்டுக்குப் போவார்கள். வில்சா கர்ட்டோ, ரோலண்ட் ஃப்ரையர் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் குலுக்கலை ஆராய்ந்தார்கள். கணக்கிலும் வாசிப்பிலும் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு திட்ட விலக்கத்துக்குச் சற்று மேல் உயர்வு. நல்ல உயர்வுதான், ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 டாலர் செலவு. பலனும் பெரும்பாலும் பெண் பிள்ளைகளிடமே தெரிந்தது.

எனக்கு இதைவிடச் சுவையாகப் பட்டது பிரான்ஸில் நடந்த ஆய்வு. பாரிஸுக்குத் தென்கிழக்கே சூர்டுன் என்ற சிற்றூரில், ராணுவம் காலி செய்துவிட்டுப் போன குதிரைப்படை முகாமை 2009இல் அரசு விடுதிப் பள்ளி ஆக்கினார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. அங்கும் இடம் போதாமல் குலுக்கல். முதலாண்டு முடிவில் அளந்தபோது விடுதிப் பிள்ளைகளின் படிப்புச் சூழல் எல்லா வகையிலும் மேலாக இருந்தது; மதிப்பெண்ணில் மட்டும் மாற்றமே இல்லை. மனநிலையோ பெயர் வராமல் வீட்டில் தங்கியவர்களைவிட மோசம். அத்தோடு நிறுத்தியிருந்தால் பள்ளியைப் பயனற்றது என்று எழுதி மூடியிருப்பார்கள். இரண்டாமாண்டு முடிவில் மனநிலை சமனுக்கு வந்தது, கணக்கு மதிப்பெண் ஏறியது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட நாற்று சில நாள் தலைசாய்ந்து நின்றுவிட்டுத்தான் பச்சை பிடிக்கும். ஆனால் இங்கே எல்லா நாற்றும் பச்சை பிடிக்கவில்லை. பலன் பெரும்பாலும் சேரும்போதே படிப்பில் வலுவாக இருந்தவர்களுக்குத்தான். லின் நகரில் பின்தங்கியவர்களுக்கு அதிகம் கிடைத்தது, சூர்டுனில் முன்னால் நின்றவர்களுக்கு. பாரிஸ் வேறு, பாஸ்டன் வேறு. இருந்தாலும், மாலையில் வீடு திரும்புகிற பிள்ளைக்கும் வீட்டை விட்டே வருகிற பிள்ளைக்கும் இழப்பு ஒன்றல்ல என்பதை இந்த இரண்டும் சேர்ந்து காட்டுவதாகவே நான் படிக்கிறேன்.

விடுதிப் பள்ளி கொடுக்கும் எல்லாமும் மதிப்பெண்ணில் தெரியாது. சமூகவியலாளர் அந்தோனி ஆபிரகாம் ஜாக் 2019இல் வெளியிட்ட ‘தி பிரிவிலெஜ்ட் புவர்’ நூலில், பேர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஏழை மாணவர்களை இரு கூட்டமாகப் பிரித்துப் பார்க்கிறார். வருமானம் இருவருக்கும் ஒன்றே. ஒரு கூட்டம் உதவித்தொகையில் விடுதிப் பள்ளி அல்லது தனியார் பள்ளி வழியாக வந்தது. மற்றது தன் வட்டாரத்து அரசுப் பள்ளியிலிருந்து நேரே வந்தது. பேராசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரம் அறைக் கதவைத் திறந்துவைத்து மாணவர்களுக்காகக் காத்திருப்பார்கள். முதல் கூட்டம் தயங்காமல் உள்ளே போய் உட்கார்ந்து பேசும். நான்காண்டு பழகிவிட்ட காரியம். இரண்டாவது கூட்டத்துக்கு அந்த நேரம் எதற்கு என்பதே விளங்கவில்லை. விளங்கினாலும், போய்ப் பேசுவது காக்கா பிடிப்பதாகப் பட்டது. பின்னாளில் பரிந்துரைக் கடிதம் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நீள்வட்ட மேசையில் நடந்த படிப்பின் பலன் இது.

வசந்த கால விடுமுறைக்கு விடுதி உணவுக்கூடத்தைப் பூட்டியபோது இரு கூட்டமும் சேர்ந்தே பட்டினி கிடந்தன என்பதையும் ஜாக் பதிவுசெய்கிறார். பேசப் பழகிக்கொடுத்த பள்ளியால் ஊருக்குப் போக டிக்கெட் வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

பிராங்க்ஸில் எட்டுப் பேர் என்று நின்ற கணக்கை மேத்தமேட்டிக்கா என்ற ஆய்வு நிறுவனம் பிறகு மிகப் பெரிய அளவில் தொடர்ந்தது. குலுக்கலில் பெயர் வந்தவர், வராதவர் இருவரையும் ஐந்தாம், ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கி, கல்லூரிச் சேர்க்கைப் பதிவேடுகள் வழியாக இருபது வயது தாண்டும் வரை தேடிப் போனார்கள். 2023இல் வந்த முடிவு இது: கிப் நடுநிலைப் பள்ளியில் படித்து, கிப் உயர்நிலைப் பள்ளியிலும் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேர் நான்காண்டுப் பட்டம் முடித்திருந்தார்கள், ஒப்பீட்டுப் பக்கத்தில் 20 சதவீதம். நடுநிலைப் பள்ளியோடு விலகியவர்களிடம் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் தொடர்வதா, வேறு பள்ளி தேடுவதா என்பதைக் குலுக்கல் தீர்மானிப்பதில்லை, குடும்பம் தீர்மானிக்கிறது. ஆகவே இந்த எண்ணை லின் கணக்கைப் போல அவ்வளவு திடமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் பதின்மூன்று வயதில் கைவிடாமல் இன்னும் நான்காண்டு கூடவே இருந்த பள்ளி, பட்டத்தை இருமடங்காக்கியிருக்கிறது என்று கொண்டால்கூட, நூற்றுக்கு அறுபத்தொரு பேர் இன்னும் பட்டம் வரை போய்ச் சேரவில்லை. கிப் இப்போது தன் பழைய மாணவர்களுக்குக் கல்லூரிக் காலம் முழுவதும் வழிகாட்டிகளை வைத்திருக்கிறது. கட்டண விண்ணப்பம் எப்போது நிரப்புவது, எந்தப் பாடத்தை விட்டால் உதவித்தொகை நின்றுபோகும், விடுமுறையில் தங்க இடமில்லாவிட்டால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் அவர்கள் போனில் பேசித் தீர்க்கும் விஷயங்கள்.